கிலோ நாப்பது

பெட்டி என் குரலில் கத்திக்கொண்டிருந்தது:
இலவம்பாடி முள்ளுக் கத்திரி,
கிலோ நாப்பது, நாப்பதே நாப்பது.
நான் வண்டிப்பிடியில் சாய்ந்து
எச்சில் கூட்டி விழுங்கினேன்.

சத்துவாச்சாரி இரண்டாவது தெருவில்
நடுவில் புகுந்தாள் அவள்.
எந்த ஊர்க்காரியோ,
சளியே பிடிக்காத மூக்கு.
கத்திரிக்கும் நாப்பதுக்கும் இடையில்
"பேட்டரி லோ" என்றாள்.
மாடியில் துணி உதறியவள் சிரித்தாள்.
மூன்றாம் முறை சொல்லிவிட்டு
என்னையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.
தெரு சட்டென்று பெரிசாகிப் போனது.

வாயைத் திறந்தேன்.
உலைமூடி நகர்ந்த மாதிரி
காற்றுதான் வந்தது.

போன ஆடியில் குரல்நாணில் முடிச்சு என்றார்கள்.
வெட்டியெடுத்த பிறகு
பத்து நாள் பேசக்கூடாது என்றார் டாக்டர்.
நான் ஆறு நாள் பேசவில்லை.

பெட்டியைத் திருப்பினேன்.
முதுகு மூடி சேராமல்
ரப்பர் பேண்டில் நிற்கிறது.
உள்ளே பேட்டரி, பழைய பட்டன் போனில் இருக்குமே
அந்தத் தட்டை பேட்டரி,
பூரி மாதிரி உப்பியிருந்தது.
ராத்திரியெல்லாம் செருகி வைத்தது நான்தான்,
காய்க்கோணியின் மேல்,
மருமகன் போனின் முரட்டுச் சார்ஜரில்.
போதும் என்று சொல்லத் தெரியாத வாய் அதற்கு.
முத்தினால் சந்தைக்கு வரும் என்பார்கள் கத்திரிக்காயை.
இதுவும் வந்தது.

சாரதி மாளிகைப் பக்கம் ஒரு சந்தில் ரஃபியா கடை.
கடை என்றால் ஒரு மேசை, ஒரு விளக்கு.
திருகாணியை உதட்டில் கவ்வியபடியே
"அமுக்காதீங்கக்கா, குத்திடாதீங்க" என்றாள்.
பிளாஸ்டிக் குச்சியால் மெல்ல நெம்பி எடுத்து
காலடிப் பக்கெட்டில் புதைத்தாள்.
பாலாற்று மணல்.
தண்ணி தராத ஆறு
நெருப்புக்குக் காவலிருக்கிறது.

புதுசின் எண்ணைப் பழசின் எண்ணோடு
இரண்டு தரம் ஒப்பிட்டாள்.
பெட்டிக்குள் மூன்று பித்தளைப் பல்,
பேட்டரியில் மூன்று பொன் பொட்டு.
பல்லும் பொட்டும் முட்டும் பக்கத்தை முதலில் சரித்து
மறுமுனையைக் கட்டைவிரலால் அழுத்த,
டக்.
"உள்ள போகலன்னா தள்ளாதீங்க.
திருப்பிப் பாருங்க."

அப்புறம் ஏதேதோ சொன்னாள்.
வெயிலிலிருந்து வந்த கையோடு செருகக்கூடாது,
நான் மோர் குடிக்கும் நேரம் அதுவும் ஆற வேண்டும்.
சிமெண்ட் தரை நல்லது, கோணி ஆகாது.
பச்சை எரிந்தால் பிடுங்கிவிடு,
தூங்கும்போது வேண்டவே வேண்டாம்.
எனக்கு அந்த டாக்டர் ஞாபகம் வந்தார்.

"குரலையும் புதுசா போட்டுடலாமாக்கா?
கிலோ எண்பது விக்குது, இது இன்னும் நாப்பதுங்குது."
மைக்கை நீட்டினாள்.
எண்பது என்றேன்.
அவளுக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை.
மைக்கைத் துணியால் துடைத்து உள்ளே வைத்தாள்.
நானூறு சொன்னவள்
முன்னூற்றைம்பதுதான் வாங்கினாள்.

கத்திரி வெயிலில் கத்திரிக்காய் தள்ளுகிறேன்.
பெட்டிக்கு நிழலாக ஒரு முறம்.
விலை வரும் இடம் எனக்கு மனப்பாடம்:
அன்றைக்குப் போன பாகாயம் பஸ்
பின்னால் ஒரு ஹாரன் அடிக்கும்,
சைக்கிள்காரர்கள் இன்றைக்கும் ஒதுங்குவார்கள்.
உடனே உள்ளங்கையால்
என் வாயைப் பொத்துவேன், பெட்டியில் இருக்கிற வாயை.
மிச்சம் ஒரு கையில் எண்பதைக் காட்டுவது கஷ்டம்.
ஐந்து விரல் நீட்டி, பிறகு மூன்று நீட்டுவேன்.
சிலர் ஐந்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.

ராத்திரி வாசல் தரையில் சிவப்பு எரிகிறது.
பக்கத்தில் உட்கார்ந்து சொத்தைக் காய் பொறுக்குகிறேன்.
பச்சை வந்ததும் பிடுங்கிவிட்டு
சும்மா ஒரு தரம் பொத்தானை அமுக்குவேன்.
இலவம்பாடி முள்ளு...
அவ்வளவு போதும், அணைத்துவிடுவேன்.

மூடி இப்போது சரியாகச் சேருகிறது.
ரப்பர் பேண்டை மட்டும்
இன்னும் கழற்றவில்லை.